ஆற்றுக்குள் சந்தை

வேணு அண்ணா ஏழாற்றுச் சீமையை நாலாக மடித்துத் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "அவ்ளோதான். முடிஞ்சிடுச்சி," என்றார். நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.

ஏழாற்றுச் சீமையை எந்த அட்லஸிலும் தேட வேண்டாம். அது அவர் மனசுக்குள் கட்டிய நாடு. ஒரு சார்ட் பேப்பரில் நீலப் பேனாவால் ஏழு ஆறு, பச்சையில் காடு, நடுவில் கல்தேர் என்று ஒரு தலைநகரம். அந்த ஆறுகளையெல்லாம் மணல்ராஜா என்று ஒருத்தன் உறிஞ்சிக் குடித்துவிட்டான், தண்ணீரை மீட்டுக் கொண்டுவர வேண்டும், இதுதான் கதை. ஏர்பேட்டில் பிறந்து, ஸ்வர்ணமுகி ஆற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த மனுஷன் வேறு என்ன கனவு காண்பார், பாவம்.

விளையாட்டு பெங்களூரிலிருந்து வந்தது. எங்கள் கம்பெனியின் பெங்களூர் ஆபீசுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அங்கே வேணு அண்ணாவுக்குக் கற்றுக்கொடுத்து, போகும்போது ஒரு பிடி பகடைகளையும் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "கதவுக்குப் பின்னால உறுமல் கேக்குது, இன்னா பண்றே?" என்று அவர் கேட்பார். கதவைத் திறக்கலாம், ஓடலாம், பதிலுக்கு உறுமலாம். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. முதல் நாள் இதைக் கேட்ட கோவர்த்தனன், "இது கூத்துதானே? மேக்கப்பு ஒண்ணுதான் இல்ல," என்றான். அன்றிலிருந்து வேணு அண்ணாவுக்கு வாத்தியார் என்று பெயர். எங்கள் பக்கத்தில் கூத்து நடத்துகிறவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

கோவர்த்தனன் நகரிப் பக்கத்துக்காரன். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தான். அந்த லாட்ஜின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தகர ஷெட்டுதான் எங்கள் ராஜ்ஜியம். வேணு அண்ணாவும் நானும் கிரண்குமாரும் திருப்பதியில் அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கிற வேலையில் இருந்தோம். டெக்சாஸில் யாருக்கு எந்தக் கிட்னியில் கல் என்பது எனக்குத் தெரியும். வெதுருகுப்பத்தில் என் சொந்த அத்தைக்கு என்ன உடம்பு என்று தெரியாது. அப்படி ஒரு காலம் அது. இரண்டாயிரத்து ஐந்து. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால், ஒரு மணிக்கு நான் படகுக்காரி செங்கமலம். ஓடக்கரை என்ற துறை என்னுடையது. நான் சம்மதித்தால்தான் எவனும் அக்கரைக்குப் போக முடியும். கிரண்குமார் மந்திரவாதி. கோவர்த்தனன் இரும்பன் என்ற பெயரில் கதாயுதம் தூக்குகிறவன்.

அன்றைக்கு மணல்ராஜாவின் கோட்டையில் மூன்று பேரும் செத்துப்போனோம். சும்மா சாகவில்லை. அவன் தொண்டைக்குள் என் படகை ஏற்றினேன், இரும்பன் அவன் தொடையைப் பிளந்தான், மந்திரவாதி கடைசி மந்திரத்தைச் சொல்ல, பகடை இருபது காட்டியது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழே ரூம் எடுத்திருந்த கல்யாணப் பார்ட்டி மேலே ஓடி வந்து பார்த்தது. ஏழு ஆறிலும் தண்ணீர் வந்தது. அதைச் சொல்லி முடித்துத்தான் வேணு அண்ணா வரைபடத்தை மடித்தார்.

"எழுந்திருங்க. டீ குடிக்கலாம்," என்றார்.

கோவர்த்தனன் சம்மணத்தைக் கலைக்கவில்லை. "பட்டாபிஷேகம் எப்போ?" என்றான்.

அவன் கேட்டது வேடிக்கைக்கு இல்லை. எங்கள் ஊர்களில் தர்மராஜா கோவிலில் பாரதம் நடக்கும். பகலில் கதை படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனனைத் தரையில் படுக்கவைத்து, பீமன் வேஷக்காரர் அவன் தொடையைப் பிளப்பார். அதுதான் படுகளம். அன்று சாயங்காலம் தீ மிதிப்பார்கள். ஆனால் அதோடு யாரும் மூட்டையைக் கட்ட மாட்டார்கள். மறுநாள் தர்மருக்குப் பட்டாபிஷேகம் ஆக வேண்டும், கொடி இறங்க வேண்டும், அப்புறம்தான் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் கால் வைப்பார்கள். கோவர்த்தனனின் சித்தப்பாவே பீமன் வேஷம் கட்டுகிறவர். படுகளத்தோடு எழுந்து வீட்டுக்குப் போவது என்பது அவனுக்குப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற மாதிரி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"டேய், இது பாரதம் இல்லடா," என்றார் வேணு அண்ணா.

"செத்தது நாங்கதானே?" என்றான் கிரண்குமார். "முடிஞ்சிதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்திக்கொண்டிருந்தது. வேணு அண்ணாவுக்கு விசா வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் டல்லாஸ். கிரண்குமார் பெங்களூரில் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும், ஆபீசில் ஒரு ஹெட்போனும் இருந்தன. என்னுடையது என்று நான் மார் தட்டிச் சொல்ல ஓடக்கரைத் துறை ஒன்றுதான் இருந்தது. அது கற்பனை என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா? அதை ஒருத்தர் நாலாக மடித்துப் பையில் போட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீ போய்க்கினு இரு அண்ணா. நாங்க ஆடறோம். சீமைய இங்க உட்டுட்டுப் போ," என்றேன்.

"கதைன்னா முடிவு வேணும் யாமினி. தண்ணி வந்துடுச்சி. இதுக்கு மேல ஆடணும்னா இன்னா பண்ணுவே? இன்னொரு மணல்ராஜாவக் கொண்டாரணும். திரும்ப ஆத்த வத்தடிக்கணும். அப்போ நீங்க மூணு பேரும் செத்தது எதுக்கு? நல்லா முடிஞ்சத நல்லா முடிஞ்சதாவே உட்டுடணும்."

நியாயமான கேள்விதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. கடைசியில் கோவர்த்தனனின் பிடிவாதம்தான் ஜெயித்தது. அடுத்த செவ்வாய் பட்டாபிஷேகம், அரை மணி நேரம், அதோடு சரி என்று வேணு அண்ணா ஒத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோவர்த்தனன் ஒரு சம்பங்கி மாலையும் தேங்காயும் ஒரு டிபன் கேரியர் நிறைய கேசரியும் கொண்டுவந்துவிட்டான். வேணு அண்ணா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வரைபடத்தை விரித்தார்.

"சரி, யாருக்குப் பட்டம்?" என்றார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ராஜாவையும் பிள்ளைகளையும் மணல்ராஜா போன வருஷமே கொன்றுவிட்டான். தளபதிகள் போரில் போய்விட்டார்கள். நாங்களும் பிணம். வாத்தியார் ஒரு நாட்டை அழகாகக் காப்பாற்றியிருந்தார், ஆனால் ஆள ஒரு ஆளை மிச்சம் வைக்கவில்லை.

"யாரையாச்சும் நீங்களே சொல்லுங்க. முடிச்சி வெக்கிறேன்," என்றார் அலுப்பாக.

அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"மோர்க்காரி," என்றான் கிரண்குமார்.

"எந்த மோர்க்காரி?"

ஆட ஆரம்பித்த புதிதில் நாங்கள் காட்டில் வழி தப்பினோம். ஒரு மோர்க்காரி எதிரில் வந்தாள். அந்த நிமிஷம் வேணு அண்ணா சமாளிப்பதற்காக உண்டாக்கிய ஆள். "அந்தப் பக்கம் போனா செத்துப்பூடுவீங்க," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அந்தப் பக்கம்தான் போனோம். கடைசியில் செத்தும் போனோம்.

"இந்த நாட்டுல உண்மை பேசின ஒரே ஆளு அவதான்," என்றான் கிரண்குமார்.

"அவளுக்குப் பேரே கெடையாதுடா!" என்றார் வேணு அண்ணா.

"மணியம்மா," என்றேன் நான், யோசிக்காமல்.

கோவர்த்தனன் தேங்காயை உடைத்தான். மாலையைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாட்டினோம். மகாராணி மணியம்மாவுக்கு ஜே என்று மூன்று தடவை கத்தினோம். வேணு அண்ணாவும் கத்தினார், அதை நான் கண்ணால் பார்த்தேன். கேசரி வாயில் இருக்கும்போதே கிரண்குமார் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றான்.

"மகாராணி, ஒரு மனு. எங்க சந்தை மூணாவது ஆத்துக்குள்ள கீது. வாரா வாரம் அங்கதான் கூடுவோம். இப்போ நீங்க தண்ணி உட்டுட்டீங்க. மொளகா மூட்டையெல்லாம் மெதக்குது. நாங்க எங்க போறது?"

வேணு அண்ணா கேசரியைக் கீழே வைத்தார். "எவனாச்சும் ஆத்துக்குள்ள சந்த வெப்பானா?"

கிரண்குமார் முழித்தான். புத்தூர்ப் பக்கத்தில் அவன் ஊர்ச் சந்தை ஆற்றுக்குள்தான் நடக்கும். மாட்டுச் சந்தை, காய்கறி, வளையல் கடை, எல்லாம் மணலில். ஆறு என்றால் அவனுக்கு அதுதான். வாயில் தானாக வந்துவிட்டது. வேணு அண்ணா கோவர்த்தனனைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் ஆத்துக்குள்ளதான் கிரிக்கெட்டு," என்றான் அவன். எங்கள் ஊரில் ஆற்றில் வேர்க்கடலையே போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

சொல்லும்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. "அண்ணா, இதுக்கு இன்னொரு மணல்ராஜா எதுக்கு? ஆறு வத்திக் கெடந்த வருஷமெல்லாம் ஜனம் சும்மாவா இருந்திருக்கும்? ஆத்துக்குள்ள பயிர் வெச்சிருக்கும், வூடு கட்டியிருக்கும், கோவில் கட்டி மொட்ட போட்டிருக்கும். நாம தண்ணிய உட்டுட்டு, செத்துட்டோம்னு கைய ஒதறிக்கினு போறதா? இப்போதானே சண்டையே ஆரம்பிக்குது!"

அவர் முகத்தில் ஆசை வந்ததையும் அதை அவர் விழுங்கியதையும் பார்த்தேன். "நான் அரை மணி நேரம்தான்னு சொன்னேன்," என்றார்.

"நீ நடத்தாதே. நான் நடத்தறேன்." கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அதுவரை அவர் மட்டுமே உட்கார்ந்த பக்கெட் அது. "மகாராணி கேக்கறாங்க: உங்க சந்தையில படகு வெச்சிருக்கறவன் எவனாச்சும் கீறானா?"

கிரண்குமார் பகடையை உருட்டினான். பதினாறு. படகு இருந்தது. படகில் கடை போடு என்று மகாராணி உத்தரவு போட்டாள். அதற்குள் கோவர்த்தனன் இரும்பனுக்கு ஒரு மகனை உண்டாக்கி, படகுக்கு ஆணி அடிக்கிற கொல்லன் என்று உள்ளே நுழைந்துவிட்டான். நான் அடித்துவிட்டேன் பாருங்கள், ஓடக்கரையில் இருந்து மூணாவது ஆற்றுக்கு ஒரு பாலம்.

"அங்க பாலம் கெடையாது!" என்று கத்தினார் வேணு அண்ணா.

"இப்போ கீது. கட்டிட்டாங்க."

"நான் இல்லாம இந்தச் சீமைய யாரும் தொடக்கூடாது யாமினி. இது என்னுது. ராத்திரி ராத்திரியா உக்காந்து யோசிச்சது."

"போட்டது நீதான், இல்லன்னு யார் சொன்னா? குடியிருந்தது நாங்க. வூட்டுக்காரன் அமெரிக்கா போறான்னு குடித்தனக்காரன் எதுக்கு அண்ணா தெருவுல நிக்கணும்?"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அவர் வரைபடத்தை மடித்தார். கேசரியை முடிக்காமலே படியிறங்கிப் போனார்.

சென்னை ஏர்போர்ட்டுக்கு மூன்று பேரும் போய் வழியனுப்பினோம். இட்லி எந்தக் கடையில் நன்றாக இருந்தது என்பதையே வழி முழுக்கப் பேசினோம். ஏழாறு பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உள்ளே போகிற நேரம், அந்த ஒரு பிடி பகடைகளையும் என் கையில் திணித்தார். "பரமபதம் ஆடுங்க," என்றார் முறைப்பாக. வரைபடத்தைத் தரவில்லை.

அது போனால் போகிறது என்று நாங்களே ஒன்று வரைந்தோம். வேணு அண்ணா போட்ட நாலாவது ஆறு எங்கே திரும்பும் என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கும் கோவர்த்தனனுக்கும் அடிதடி ஆகாத குறை. கடைசியில் அவனவன் ஊர் ஆறு எப்படித் திரும்புமோ அப்படித் திருப்பினோம். சந்தையை மட்டும் சரியாக மூணாவது ஆற்றின் நட்டநடுவில் கொட்டை எழுத்தில் எழுதினோம்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! படகுச் சந்தை ஊரெல்லாம் பேர் வாங்கியது. மிளகாய்க்காரனும் மீன்காரியும் ஒரே படகுக்கு அடித்துக்கொண்டு இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். வளையல்காரன் நீச்சல் தெரியாமலே மூன்று மாசம் வியாபாரம் செய்தான். மகாராணி மணியம்மா சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டே மோர் விற்றாள். அதை நிறுத்தச் சொன்ன மந்திரிக்கு வேலை போயிற்று. நான் நடத்தும்போது உளறுவேன், போன வாரம் செத்தவனை இந்த வாரம் பேசவைப்பேன், அவன் அண்ணன் என்று சமாளிப்பேன். கிரண்குமாருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவன் ஆட்டத்தையும் என் லீவையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறி வந்து நின்றான். "நான் வரலன்னா மொளகா மூட்டைக்கு யார் பொறுப்பு?" என்றான். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டம் மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. நீளமான நம்பர்.

"யாமினி, ஆடிக்கினு கீறீங்களா?"

"ஆமாண்ணா," என்றேன்.

"ஸ்பீக்கர்ல போடு." போட்டேன். அவர் நலம் விசாரிக்கவில்லை, சம்பளம் சொல்லவில்லை. "அந்தச் சந்தை இன்னா ஆச்சி?" என்றார். ஒரு வருஷமாக அவரைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திச் சொன்னோம். வளையல்காரன் கதைக்கு அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். மோர் விஷயம் கேட்டு, "சபாஷ்," என்றார்.

பிறகு, "மேப்பு எங்கிட்டதான் கீது. ஸ்கேன் பண்ணி அனுப்பட்டா?" என்றார் தயங்கி.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "வேணாம்ணா. அதுல சந்தை இல்ல," என்றேன்.

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அதுவும் சரிதான்," என்றார். "அப்போ நான் வரலாமா? வாத்தியாரா இல்ல. சும்மா, ஒரு ஆளா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் சீமைக்குள் வருகிறவனை வா என்று சும்மா கூப்பிட முடியுமா? துறை என் பொறுப்பு. குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டேன்.

"ஓடக்கரைத் துறை. விடிகாலை. ஒரு படகு வந்து நிக்குது. அதுல ஒரு ஆளு. கையில ஒரு பையி. இவன இதுக்கு முன்னால யாரும் பாத்ததில்ல. துறைக்காரி கேக்கறா: எந்த ஊரு? இன்னா வேலையா வந்தே? எத்தினி நாளு இருப்பே?"

லைன் போய்விட்டதா என்று கிரண்குமார் போனைத் தட்டிப் பார்த்தான்.

"இங்க ஏர்போர்ட்டுல ஒருத்தன் இதே மூணும்தான் கேட்டான் யாமினி," என்றார் வேணு அண்ணா மெதுவாக. "பதில் எல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். ஒண்ணும் வாயில வரல. அவன் என் மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தான். இன்னிக்கும் கடைக்குப் போனாகூட எவனாச்சும் அதே மாதிரி பாக்கறான்."

எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அறிமுகமில்லாதவனைத் துறைக்காரி உள்ளே விடுவாளா மாட்டாளா என்பதைப் பகடைதான் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். கோவர்த்தனன் பகடையை என் பக்கம் நகர்த்தினான். நான் அதை எடுக்கவில்லை.

"துறைக்காரி இன்னொண்ணும் கேக்கறா," என்றேன்.

"இன்னா?"

"துன்னியா?"

டல்லாஸிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை. "இல்ல," என்றார். "இன்னும் துன்னல."

"அப்போ மொதல்ல எறங்கு. படகு ஆடுது, பாத்து கால வை."